முதற் காமிராவைத் தேர்ந்தெடுக்கும் முறை

நூல் வாங்கும் நெசவாளர் எவரும் சிட்டத்தின் பளபளப்பைக் கண்டு மயங்குவதில்லை. நம்பரையும் முறுக்கையும் சோதித்த பின்னரே விலை பேசுகின்றார். விதை வாங்கும் குடியானவரும் அதன் முளைப்புத் திறனை அறிந்தே பணங் கொடுக்கின்றார். ஆயின், இதே குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர் புகைப்படக் கலையில் ஆர்வங்கொண்டு முதன்முறையாகக் காமிரா வாங்கச் செல்லும்போது, விளம்பரத்தில் பெரிதாக அச்சிட்ட ஓர் எண்ணை நம்பிச் சேமிப்பு முழுவதையும் கொடுத்துவிடுவது உண்டு. அங்ஙனம் நேராதிருக்க அறியவேண்டுவனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

1. டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். என்பது யாது?

லென்ஸின் வழியே நுழையும் ஒளி, சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி நம் கண்ணை அடைகின்றது. பொத்தானை அழுத்தியவுடன் கண்ணாடி உயர, ஒளி பின்னுள்ள சென்ஸாரில் விழுந்து படமாகின்றது. லென்ஸ் காண்பதையே நாமும் காண்கின்றோம். வேண்டும்போது லென்ஸை மாற்றவும் செய்யலாம்.

1991இல் கோடக் நிறுவனம், நிகான் காமிராவின் உடலில் 1.3 மெகாபிக்ஸல் சென்ஸாரைப் பொருத்தி இவ்வகையை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2003இல் கேனன் 300டி ஆயிரம் டாலருக்கும் குறைந்த விலையில் வெளிவந்தபின், இது பொழுதுபோக்காகப் படமெடுப்போர் கைக்கும் எட்டியது. 2020க்குப் பின்னர் கேனனும் நிகானும் கண்ணாடியில்லாக் காமிராக்களையே புதிதாக வெளியிட்டு வருகின்றன. ஆதலால் நல்ல எஸ்.எல்.ஆர். காமிராக்கள் பல பழைய பொருட் சந்தைக்கு வந்துள்ளன. கற்பவருக்கு இது நல்வாய்ப்பே.

2. மெகாபிக்ஸல் எத்தனை வேண்டும்?

ஏ4 தாள் அளவில், அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிட, 3508 x 2480 புள்ளிகள் தேவை. பெருக்கினால் ஏறத்தாழ 87 இலட்சம், அதாவது 8.7 மெகாபிக்ஸல். எனவே 12 மெகாபிக்ஸல் உடைய பழைய காமிராவும் இதற்குப் போதும். 24 உடையதற்குக் கூடுதல் விலை கொடுக்குமுன், எவ்வளவு பெரிய படம் அச்சிடப் போகின்றோம் என்று சிந்தித்தல் நன்று.

3. லென்ஸே முதன்மையானது

காமிராவுடன் வழக்கமாகத் தரப்படுவது 18 முதல் 55 மி.மீ. வரையிலான ஜூம் லென்ஸ். அதன் நீண்ட முனையில் துவார எண் 5.6. தனி 50 மி.மீ. லென்ஸில் அது 1.8. எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும். 5.6ஐ 1.8ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால், இரண்டாவது லென்ஸ் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உட்கொள்வது புலனாகும்.

இதன் பயனைத் தறிவீட்டில் காணலாம். ஒரே சன்னலின் ஒளியில், ஜூம் லென்ஸுக்கு 1/10 விநாடி தேவையாயின், மற்றதற்கு ஏறத்தாழ 1/100 விநாடியே போதும். முன்னதில் கைநடுக்கத்தால் படம் முழுவதும் கலங்கும். பின்னதில் நெசவாளர் முகமும் பாவும் தெளிவாகப் பதிய, ஓடும் நாடா மட்டும் சற்றே கலையும். காமிரா உடலுக்கு இருமடங்கு விலை கொடுத்தாலும் இவ்வேறுபாடு எளிதில் கிட்டாது.

எனினும் ஒன்று கருதற்குரியது. தொடக்க நிலைக் காமிராக்களின் சென்ஸார், 36 x 24 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிது. நிகானில் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போலக் குறுகிய காட்சியையே தரும். சிறிய வீட்டினுள் படமெடுப்போருக்கு 35 மி.மீ. லென்ஸே ஏற்றது.

4. பொருத்தம் பார்த்தல்

நிகான் 3000, 5000 வரிசைக் காமிராக்களின் உடலில் லென்ஸைக் குவிக்கும் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கும் பழைய ‘ஏ.எஃப்.-டி’ லென்ஸ்கள் இவற்றில் தாமே குவியா, ‘ஏ.எஃப்.-எஸ்’ என்று பொறித்தவற்றையே வாங்குக. ஓரூர் நண்பர் நால்வர் ஒரே நிறுவனத்தின் காமிராவைத் தேர்ந்தால், ஆளுக்கொரு லென்ஸ் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். கூட்டுறவு இங்கும் பயன்தரும்.

5. பழையதைச் சோதித்தல்

(அ) லென்ஸின் ஒருபுறம் டார்ச் ஒளியைச் செலுத்தி மறுபுறம் நோக்குக. சிலந்தி இழை போன்று தோன்றின், அது பூஞ்சணம், வாங்கற்க.

(ஆ) துவார எண்ணை 16இல் வைத்து வெண்சுவரைப் படமெடுக்க. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் தோன்றும் கரும்புள்ளி, சென்ஸாரில் படிந்த தூசியே, தூய்மை செய்யலாம்.

(இ) ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று கேட்டறிக. நிகான் டி3500இன் ஷட்டர் 1,00,000 முறை இயக்கிச் சோதிக்கப்பட்டது. நிகானில் இவ்வெண் படக்கோப்பிலேயே பதிவாகியிருக்கும்.

6. பணம்

கையிலுள்ள தொகையில் பாதிக்கு மேல் காமிரா உடலுக்குச் செலவிடலாகாது. எஞ்சியதில் நல்ல லென்ஸ், மெமரி கார்டு, மாற்று பாட்டரி, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் ஆகியன அடங்கவேண்டும். தறிக்கும் பயிருக்கும் சங்கத்தில் பெற்ற கடன் உற்பத்திக்குரியது; அதனை இதற்குத் திருப்புதல் கூடவே கூடாது. சிக்கன சேமிப்பில் தொகை சேரும்வரை, நண்பரின் காமிராவில் பழகுதல் இழுக்கன்று.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. 10 x 8 அங்குலப் படத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிட எத்தனை மெகாபிக்ஸல் வேண்டும்?

2. துவார எண் 2, எண் 4ஐவிட எத்தனை மடங்கு ஒளி தரும்?

3. தங்கள் வீட்டில் படமெடுக்க எந்த லென்ஸ் ஏற்றது? காரணங் கூறுக.