போலியும் மெய்யும்

நம் மாணவ நண்பர்கள் பலர் இன்று ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதுகின்றனர். நிரல் தரவுத்தளத்தைத் தொடுமாயின், அதற்குச் சோதனை எழுதத் தயங்குகின்றனர். ஒவ்வொரு முறையும் தளத்தை இயக்கி, பதிவுகளை இட்டு, பின்னர்த் துடைப்பதென்றால் நேரம் செல்லும். இத்தொல்லையைத் தவிர்க்கவே ‘மாக்’ எனப்படும் போலியைக் கையாளுகிறோம். அது நன்றே, ஆயினும் அதன் எல்லையை அறிதல் வேண்டும்.

எடுத்துக்காட்டொன்று காண்போம். ஒரு நூலகத்தின் இரவல் பதிவுகள் மாங்கோடிபியில் உள்ளன. மங்கூஸ் மாடல் வழியே அவற்றை அணுகுகிறோம். திரும்பி வராத நூல்களைத் தேதி வாரியாக எடுக்க வேண்டும். ‘ஃபைண்ட்’ என அழைத்தவுடன் பதிவுகள் வருவதில்லை; வினவற் பொருள் ஒன்றே வருகிறது. அதன்மேல் ‘சார்ட்’, ‘லிமிட்’ என அடுக்கி ‘எக்ஸெக்’ என முடிக்கிறோம். போலியும் இச்சங்கிலியைப் பின்பற்ற வேண்டும். ஜெஸ்டின் ‘ஸ்பைஆன்’ கொண்டு ‘ஃபைண்ட்’ அழைப்பை மறித்து, நாம் செய்த ஒரு பொருளைத் தரச் செய்க. ‘சார்ட்’, ‘லிமிட்’ இரண்டும் ‘மாக்ரிட்டர்ன்திஸ்’ மூலம் அப்பொருளையே திருப்பித் தரட்டும். ‘எக்ஸெக்’ மட்டும் ‘மாக்ரிசால்வ்டுவேல்யூ’ மூலம் நாம் குறித்த பதிவுகளைத் தரட்டும். ஒவ்வொரு சோதனை முடிவிலும் ‘ரிஸ்டோர்ஆல்மாக்ஸ்’ என்று மெய்யை மீட்டுவிடுக. இன்றேல் ஒரு சோதனையின் போலி அடுத்ததிலும் புகுந்துவிடும்.

இனி எல்லைக்கு வருவோம். எதைக் கேட்டாலும் போலி நாம் சொல்லிக் கொடுத்த விடையையே சொல்லும். திரும்பி வந்த நூல்களின் பதிவுகளை மட்டும் ‘டெலீட்மெனி’ கொண்டு நீக்க முனைகிறோம். நிபந்தனையில் உள்ள ஒரே புலத்தின் பெயரில் எழுத்துப் பிழை நேர்ந்தது என்க. போலி வைத்த சோதனை தேறிவிடும். மெய்த் தளத்திலோ? 2021-ஆம் ஆண்டு வந்த மங்கூஸ் 6-ஆம் பதிப்பின் இயல்பமைப்பில், ஸ்கீமாவில் இல்லாத புலம் நிபந்தனையினின்று கழற்றப்படும். எஞ்சுவது வெற்று நிபந்தனை, எல்லாப் பதிவும் அதற்குப் பொருந்தும், எல்லாமே அழியும். எவரிடம் எந்நூல் உள்ளது என்பதற்குச் சான்றே இராது. 2023-இல் வந்த 7-ஆம் பதிப்பு இவ்வியல்பை மாற்றியது. அங்கே பிழைப்பெயருக்கு எதுவும் பொருந்தாமல், நீங்க வேண்டியவையும் தங்கிவிடும். பிழை ஒன்று, விளைவு இரண்டு. போலி இரண்டையும் அறியாது.

ஆதலின், விடையை மட்டும் பாராது, போலியிடம் எந்த நிபந்தனை சென்றது என்பதையும் சோதியுங்கள். அதே பிழையைச் சோதனையிலும் எழுதிவிட்டால் இதுவும் காவாது. எனவே முக்கியமான வினவல்களையேனும், குறிப்பாக அழிப்பனவற்றை, ‘மாங்கோடிபி மெமரி சர்வர்’ போன்ற கருவி தரும் மெய்த் தளத்தில் ஓட்டிப் பாருங்கள். நிரலின் போக்கை அறியப் போலி போதும். வினாவின் செம்மையை அறிய மெய்யே வேண்டும்.