வெல்லக் கொப்பரையின் ஐந்தொகை

கரும்பு காய்ச்சும் பருவத்தில் சக்கை போதாமல் விறகு வாங்கும் அங்கத்தினர் பலர். விறகின் விலை வெல்லத்தின் இலாபத்தைத் தின்றுவிடுகின்றது. கரும்பின் இரகத்தையும் மழையையும் குறை கூறுவது வழக்கம். குறையோ பெரும்பாலும் அடுப்பிலேயே இருக்கின்றது. அதனைக் கண்டறியும் வழியை இரசாயன எஞ்சினீயரிங் கற்பிக்கின்றது.

இது பெரிய ஆலைகளுக்கே உரிய சாஸ்திரம் என்று அஞ்ச வேண்டுவதில்லை. காய்ச்சுதல், ஆற்றுதல், வடித்தல், உலர்த்துதல் ஆகிய சில செயல்களே எல்லாத் தொழிற்சாலைகளிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. இவ்வுண்மையை 1887-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஜார்ஜ் டேவிஸ் என்பவர் விரிவுரைகளால் விளக்கினார். 1915-ல் அமெரிக்கராகிய ஆர்தர் லிட்டில் அச்செயல்களுக்கு ‘யூனிட் ஆபரேஷன்’ என்று பெயரிட்டார்.

இதன் முதற் பாடம் சங்கத்தின் ஐந்தொகையைப் போன்றதே. உள்ளே சென்றது வெளியே வந்தாக வேண்டும். கொப்பரையில் 100 ராத்தல் சாறு வார்த்தோம் என்க. அதில் கரைந்துள்ள சர்க்கரை முதலியன 18 ராத்தல். ஜலம் 82 ராத்தல். அழுக்கு எடுக்கையில் 3 ராத்தல் போகின்றது. அதில் 1 ராத்தல் சர்க்கரைச் சத்து. மீதமுள்ள 17 ராத்தல் சத்து, சிறிது ஈரத்துடன் 18 ராத்தல் வெல்லமாகும். ஆகவே ஆவியாய்ப் போகவேண்டிய ஜலம் 79 ராத்தல். நிறுத்துப் பார்க்கையில் வெல்லம் 16 ராத்தலே இருப்பின், 2 ராத்தல் அழுக்கோடு போயிருக்கலாம், கொப்பரையில் தீய்ந்திருக்கலாம், அல்லது சிந்தியிருக்கலாம்.

உஷ்ணத்திற்கும் இவ்வாறே கணக்கு உண்டு. ஒரு ராத்தல் ஜலத்தை ஒரு சென்டிகிரேட் டிகிரி சூடாக்கும் உஷ்ணத்தை ஓர் அலகு எனக் கொள்வோம். சாற்றை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொணர ஏறத்தாழ 7,000 அலகு போதும். ஆனால் கொதிக்கும் ஜலம் ஒரு ராத்தலை ஆவியாக்க 540 அலகு வேண்டும். 79 ராத்தலுக்கு 42,660. மொத்தம் ஏறக்குறைய 50,000 அலகு.

நன்கு வெயிலில் காய்ந்த சக்கை ராத்தலுக்குச் சுமார் 3,500 அலகு தரும். ஆகவே 14 அல்லது 15 ராத்தல் சக்கையில் வேலை முடிய வேண்டும். நூறு ராத்தல் சாறு பிழிந்த கரும்பில், சாறு பத்தில் ஆறு பங்கு இறங்கியிருந்தால், காய்ந்தபின் சுமார் 34 ராத்தல் சக்கை கிடைக்கும். அடுப்பு உஷ்ணத்தில் பாதிக்கு மேல் வீணாக்கினாலும் சக்கையே போதும் என்பது இதன் பொருள். அதற்கும் மேல் விறகு வாங்குகிறவர் புகைபோக்கி வழியாக வானத்தைச் சூடாக்குகிறார்! ஈரச் சக்கையை எரிப்பவர் நிலை இன்னும் மோசம். அதன் எடையில் பாதி ஜலம். முதலில் அதையே நெருப்பு கொதிக்க வைக்கின்றது.

சர்க்கரை ஆலைகளில் இவ்விஷயத்தை வெகு சாமர்த்தியமாகத் தீர்த்தவர் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1806-ல் பிறந்த நார்பர்ட் ரில்லியூ. அழுத்தம் குறைந்தால் திரவம் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஆதலின் முதற் பாத்திரத்தில் எழும் ஆவியைக் கொண்டு, அழுத்தம் குறைத்த இரண்டாம் பாத்திரத்தைக் கொதிக்க வைத்தார். 1843-லும் 1846-லும் காப்புரிமை பெற்றார். திறந்த கொப்பரையில் ஆவியைப் பிடிக்க இயலாது. ஆயினும் புகையைப் பிடிக்கலாம். புகை செல்லும் வழியில் இரண்டாம் கொப்பரை ஒன்றை அமைத்து, அடுத்த சாற்றை அதில் சூடேற்றினால், மேற்சொன்ன 7,000 அலகில் பெரும்பகுதி மிஞ்சும்.

நெருப்பு மெதுவாயிருப்பதால் நேரும் கேடு இன்னொன்று. கரும்புச் சாறு சற்றுப் புளிப்புடையது. புளிப்பும் சூடும் நெடுநேரம் சேர்ந்திருப்பின் சர்க்கரை குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைந்து, வெல்லம் கட்டியாகாமல் பிசுபிசுக்கும். சுண்ணாம்புத் தெளிநீர் புளிப்பைத் தணிக்கும். மிகுந்தாலோ வெல்லம் கறுத்துப்போகும். சிறிது சிறிதாக விட்டு, லிட்மஸ் காகிதத்தால் சோதித்து நிறுத்துக. நீல லிட்மஸ் நன்கு சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை. சிவப்பு லிட்மஸ் நன்கு நீலமானால் மிஞ்சிவிட்டது.