வயலும் வரப்பும்

தஞ்சைத் தரணியில் வெண்ணாற்றங்கரையில் அமைந்த ஊர் நீடாமங்கலம். முன்பு தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் இப்பொழுது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கின்றது. ஊருக்கு அணித்தே வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிந்து செல்லுகின்றன. அவ்விடத்தை மக்கள் மூணாறு தலைப்பு என வழங்குவர். சம்பாப் பருவத்தில் அங்கு நின்று நோக்குவார்க்குக் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை நெல் வயல்களே புலப்படும். குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டின் பெரும்பகுதியும் இந்நிலம் நெல்லுக்கே உரியதாக இருக்கும். ஆதலின், இங்கே நெல்லைத் தவிர வேறு பயிர் ஏது என்று புதிதாக வருவோர் வினவுவதில் வியப்பில்லை.

வயலை மட்டும் நோக்கினால் அவ்வினா பொருத்தமாகவே தோன்றும். வரப்பையும் வாய்க்கால் ஓரத்தையும் வேலியையும் நோக்கினால் அவ்வாறு தோன்றாது. வேலியில் நொச்சியும் ஆடாதோடையும் நிற்கும். ஈரம் உள்ள இடத்தில் கரிசலாங்கண்ணியும் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் படர்ந்திருக்கும். மேட்டில் கொளுஞ்சி முளைத்திருக்கும். இவற்றுள் பலவற்றை எவரும் விதைத்ததில்லை. எவரும் நீர் பாய்ச்சியதில்லை. எனினும் உழவர் குடும்பம் இவற்றை அறியும். நொச்சித் தழையை நெல்லோடு இட்டு வைத்தால் பூச்சி அணுகாது என்பது பாட்டிமார் அறிந்த செய்தி. ஆடாதோடை இலை இருமலுக்குக் கைகண்ட மருந்து.

கோரையாறு என்னும் பெயரிலேயே ஒரு செடியின் பெயர் இருக்கின்றது. கோரை என்ற அளவில் உழவர் முகம் சுளிப்பர். வயலில் புகுந்த கோரையைக் களைந்தெடுத்தல் எளிதன்று. மண்ணுக்குள் ஒரு சிறு கிழங்கு எஞ்சியிருந்தாலும் அது மீண்டும் தழைத்துவிடும். உலகிலுள்ள களைகளுள் மிகக் கொடியவற்றின் வரிசையில் இதனை அறிவியலார் வைத்துள்ளனர். ஆனால் அதே கிழங்கு நாட்டு மருந்துக் கடையில் நறுமணச் சரக்காக விற்கப்படுகின்றது, குளியற்பொடியிலும் சேர்க்கப்படுகின்றது. பாய் முடைவதற்கு உதவும் கோரை இதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு செடி. அதனைக் காவிரிக் கரையில் கரூர், முசிறிப் பகுதிகளில் பயிராகவே வளர்க்கின்றனர். பெயர் ஒன்று, செடிகள் இரண்டு. ஒன்று களையாகவும் மருந்தாகவும் நிற்க, மற்றொன்று பயிராக நிற்கின்றது. பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு செல்லும் ஆராய்ச்சியாளர் இவ்விடத்தில் ஏமாந்துபோவார்.

இதனாலேயே தாவர ஆராய்ச்சியில் செடியையே எடுத்து வைக்கும் முறை தோன்றியது. ஆராய்ச்சியாளர் ஊர்தோறும் சென்று, பூவும் காயும் உள்ள கிளையைத் தேர்ந்து பறிப்பார். அதனைத் தாள்களின் இடையே அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டுவார். எந்த ஊர், எந்த நாள், எத்தகைய மண், அங்குள்ள மக்கள் அதனை எப்பெயரால் அழைக்கின்றனர், எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்னும் விவரங்கள் அதன் அருகில் எழுதப்படும். இவ்வாறு தொகுத்து வைக்கும் இடத்திற்கு உலர்தாவரகம் என்று பெயர். திருச்சிராப்பள்ளியில் தூய வளனார் கல்லூரியைச் சார்ந்து 1967ஆம் ஆண்டில் இராப்பினாட் உலர்தாவரகம் நிறுவப்பட்டது. அதனை நிறுவிய கே. எம். மாத்யூ என்னும் துறவியார் தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றிப் பல தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார். அங்குள்ள தாள் ஒவ்வொன்றும் ஒரு செடிக்குச் சான்றாகும். ஓர் ஊரில் ஒரு செடி மறைந்துபோனாலும், அது ஒரு காலத்தில் அங்கு இருந்தது என்பதை அத்தாள் கூறும்.

வரப்பிலுள்ள கொளுஞ்சியைச் சிறிது விரிவாகக் காண்போம். பிற பயிர்கள் வாடும் கோடையிலும் அது பசுமையாக நிற்கும். ஆடுமாடுகள் அதனை விரும்பி மேய்வதில்லை. அதனால் அறுவடைக்குப் பின்னர், காவல் இல்லாத நிலத்திலும் அது பிழைத்து வளரும். மழைக்காலத்திற்கு முன் அதனை மடக்கி உழுதால் அடுத்த நெற்பயிர் செழிக்கும் என்று உழவர் கண்டிருந்தனர். அதன் காரணத்தைப் பிற்காலத்து அறிவியல் விளக்கியது. அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கேற்ற சத்தாக மாற்றுகின்றன. இதனை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் 1886ஆம் ஆண்டில் வெளியிட்டார். கொளுஞ்சியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அதனை விதைத்து வளர்க்க முயன்றவர்க்கு ஓர் இடையூறு நேர்ந்தது. அதன் விதைத்தோல் மிகக் கடினமானது. நீரை உள்ளே விடாது. ஆதலின் பல விதைகள் முளைக்காமலே கிடக்கும். விதையை மணலோடு சேர்த்துத் தேய்த்தால் தோல் சிராய்த்து நீர் உட்புகும் என்பது கண்டறியப்பட்டது. எளிய வழிதான், ஆனால் காட்டுச் செடியொன்று வயலுக்குள் வர அவ்வழி தேவைப்பட்டது. உவர் மண்ணையும் தேங்கிய நீரையும் தாங்கும் தக்கைப்பூண்டும், தண்டிலும் முடிச்சுகள் கொண்டு ஆப்பிரிக்காவிலுள்ள செனிகல் நாட்டில் ஆராயப்பட்டு இங்கு மணிலா அகத்தி எனப் பெயர்பெற்ற செடியும் இவ்வாறே நெல்லுக்கு உரமாக வந்து சேர்ந்தன.

இனி வயலுக்குள் செல்வோம். நெல் என்று ஒரு சொல்லால் கூறினாலும் அதனுள் அடங்கிய வகைகள் மிகப் பல. பூங்கார், கருங்குறுவை, சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, ஏழடி உயரம்வரை வளரும் காட்டுயானம், உவர் நிலத்திலும் விளையும் குழியடிச்சான், களர்பாலை எனப் பெயர்கள் நீளும். குறுவை நெல்லையும் ஒட்டடையான் என்னும் நீண்டகால நெல்லையும் கலந்து விதைக்கும் வழக்கமும் தஞ்சை வட்டாரத்தில் இருந்தது. முதலில் குறுவையை அறுப்பர். அதனோடு அறுபட்ட ஒட்டடையான் மீண்டும் துளிர்த்துச் சில திங்களுக்குப் பின்னர்க் கதிர் தரும். ஒரே நடவில் இரண்டு அறுவடை காண வகுத்த திட்டம் அது. அதனை வகுத்தவர் பெயரை எந்நூலும் குறிக்கவில்லை.

இவ்வகைகளை முறையாக ஆராய்வதற்குக் கோயம்புத்தூரில் 1912ஆம் ஆண்டிலும், காவிரிப் படுகையிலேயே ஆடுதுறையில் 1922ஆம் ஆண்டிலும் நெல் ஆராய்ச்சி நிலையங்கள் தொடங்கப்பட்டன. கோயம்புத்தூரில் கோணாமணி என்னும் நாட்டு நெல் பயிரிட்ட வயலில் ஒரு செடி மட்டும் பிறவற்றினும் வேறாக, மெல்லிய அரிசியுடன் காணப்பட்டது. இயற்கையாகத் தோன்றிய அம்மாறுதலைப் புறக்கணிக்காது பிரித்தெடுத்து வளர்த்தனர். 1921இல் வெளியான அந்நெல்லே ஜி.ஈ.பி. 24 என்னும் கிச்சிலிச் சம்பா. அதனை ஜப்பானிய நெல்லோடு கலந்து உண்டாக்கிய ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல், 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் தஞ்சைக் குறுவை வயல்களில் விரைந்து பரவியது. விளைச்சல் பெருகிற்று, பசி தணிந்தது. இதனைக் குறைத்துக் கூறுதல் நன்றியன்று. ஆனால் புதிய நெல் புகுந்த வயலிலிருந்து பழைய நெல் வெளியேறியது. உழவர் விதைக்காத நெல்லுக்குக் குதிரில் இடம் இல்லை. சில ஆண்டுகள் விதைக்காமல் விட்டால் அவ்விதையின் முளைப்புத் திறனும் போய்விடும். இவ்வாறு பல வகைகள் ஓசையின்றி மறைந்தன.

மறைந்தால் என்ன என்று கேட்பார் உளர். புதியது நன்றாக விளையும்பொழுது பழையது எதற்கு என்பது அவர் கருத்து. அதற்கு விடையாக இரண்டு செய்திகளைக் கூறலாம்.

புகையான் என்னும் பூச்சியைக் காவிரிப் படுகை உழவர் நன்கறிவர். அது தென்கிழக்கு ஆசியாவில் ஒரு வகைக் குட்டை நோயையும் நெல்லில் பரப்பியது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அந்நோயைத் தாங்கும் நெல்லைத் தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தனர். பயிரிடும் நெல் எதுவும் பயன்படவில்லை. உத்தரப் பிரதேசத்திலிருந்து எடுத்துச் சென்ற ஒரு காட்டு நெல் மாதிரி மட்டுமே நோயை எதிர்த்து நின்றது. நீவாரம் என்னும் பழஞ்சொல்லையே அவ்வினத்திற்கு அறிவியற் பெயராகச் சூட்டியிருந்தனர். கதிர் முற்றியதும் மணியை உதிர்த்துவிடும் அக்காட்டு நெல்லால் உண்பார்க்குப் பெரும்பயன் இல்லை. ஆனால் அதன் எதிர்ப்புத் திறனை ஏற்று 1976இல் வெளியான ஐ.ஆர். 36 என்னும் நெல், பின்னர் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பயிரிடப்பட்டது.

மற்றொன்று வெள்ளத்தைப் பற்றியது. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால், நீடாமங்கலத்தைச் சூழ்ந்த தாழ்ந்த வயல்களில் சம்பாப் பயிர் மூழ்கிப்போவதுண்டு. மூழ்கிய நெல், மூச்சுக்குத் தவிப்பதுபோல விரைந்து நீளும். சேமித்த சத்தையெல்லாம் அதில் செலவழித்துவிட்டு, நீர் வடியும்பொழுது சாய்ந்து அழுகும். ஒடிசா மாநிலத்து உழவர் வளர்த்த ஒரு பழைய நெல் மட்டும் அவ்வாறு செய்வதில்லை. அது நீருக்குள் வளர்ச்சியை அடக்கிக்கொண்டு ஏறத்தாழ இரண்டு கிழமை பொறுத்திருக்கும். நீர் வடிந்த பின்னர் மீண்டும் துளிர்க்கும். அப்பொறுமைக்குக் காரணமான மரபணுவை 2006ஆம் ஆண்டில் அறிவியலார் கண்டு வெளியிட்டனர். காவிரிப் படுகையில் பொன்மணி எனப் பெயர்பெற்ற சி.ஆர். 1009 நெல்லிலும் அம்மரபணு சேர்க்கப்பட்டது. சி.ஆர். 1009 சப்-1 என்னும் அந்நெல் இன்று திருவாரூர் மாவட்டத்துத் தாழ்நிலங்களுக்கு ஏற்றதாகக் கருதப்படுகின்றது. ஒடிசாவின் ஏழை உழவர் அப்பழைய விதையைக் கைவிட்டிருந்தால், ஆராய்ச்சியாளர் தேடியிருந்தும் கிடைத்திருக்காது.

விதையைக் காப்பது சில வேளைகளில் உயிரைக் கேட்கும் பணியாகவும் ஆகியிருக்கின்றது. இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் 1944 வரை லெனின்கிராடு நகரம் முற்றுகையிடப்பட்டது. அங்கே வாவிலோவ் என்னும் அறிஞர் உலகெங்கும் சென்று திரட்டிய விதைகளைக் கொண்ட நிலையம் இருந்தது. நகரில் உணவு இல்லை. நிலையத்திலோ அரிசி, கோதுமை, பயறு எல்லாம் பொட்டலங்களில் இருந்தன. நெல் தொகுப்பைக் காத்துவந்த திமித்ரி இவானோவ், தம்மைச் சூழ ஆயிரக்கணக்கான நெற்பொட்டலங்கள் இருக்கப் பசியால் உயிர் நீத்தார். அவருடைய தோழர் சிலரும் அவ்வாறே மடிந்தனர். விதைகள் எஞ்சின.

காவிரிக் கடைமடையில் அப்பணியை மேற்கொண்டவர் திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேட்டைச் சேர்ந்த ஜெயராமன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் தூண்டுதலால், மறைந்துவந்த நெல் வகைகளை ஊர் ஊராகத் தேடினார். நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட வகைகளை மீட்டார். மக்கள் அவரை ‘நெல்’ ஜெயராமன் என்றே அழைத்தனர். அவற்றை அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. ஆதிரெங்கம் என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, வருவோர்க்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுத்தார். பெற்றுச் சென்றவர் விளைவித்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். விதைக்கு அவர் வகுத்த வட்டி அது! குளிரறையில் வைத்த விதை பல ஆண்டுகள் உறங்கும். உழவர் வயலில் உள்ள விதையோ ஆண்டுதோறும் மழையையும் வெயிலையும் பூச்சியையும் கண்டு தேறும். இரண்டும் தேவையே. 2018 டிசம்பரில் ஜெயராமன் மறைந்தார். அவருக்குப் பின்னரும் அவ்விழா தொடர்ந்தது.

நீடாமங்கலத்திலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மை அறிவியல் நிலையம் இருக்கின்றது. ஆராய்ச்சி நிலையங்களில் உருவாகும் நெல்லையும் சாகுபடி முறையையும் உழவர் வயலிலேயே நட்டுக் காட்டுதல் இத்தகைய நிலையங்களின் பணியாகும். உழவர் கூறும் குறைநிறைகள் அங்கிருந்து ஆராய்ச்சியாளரை எட்டும். மழை மிகுந்து வெண்ணாறு பெருகும் ஆண்டில், ஒடிசா நெல்லின் மரபணுவைத் தாங்கிய பயிர் நீருக்கு அடியில் அசையாது காத்திருக்கும். காட்டுயானம் விதைத்தவர் வயலில் பயிர் நீருக்கு மேலே தலை நீட்டி நிற்கும். நீர் வடிந்ததும் உழவர் இரண்டு வயலையும் சென்று பார்ப்பார். வரும் ஆண்டு எதற்கு எந்த விதை என்பதை அப்பொழுதே மனத்தில் குறித்துக்கொள்வார்.