கியூ கோல் வரையும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கணினியில் வரையும் கேட் மென்பொருள் படித்திருக்கிறேன், பூல் ஆடுவேன், பந்தை இடிக்கும் கியூ கோல் ஒன்றைச் சொந்தமாக வடிவமைக்க முடியுமா என்று புதுப்பட்டினத்திலிருந்து கேட்டிருந்தாய். தாராளமாக முடியும். பூலின் பங்காளியான ஸ்னூக்கருக்கு 1882-இல் விதிகள் எழுதி மாட்டிய இடமே நம் ஊட்டி கிளப்தான். கோல் செய்யும் ஆசை நம் பக்கத்தில் வருவதில் வியப்பில்லை.

வரைய உட்கார்ந்ததும் அலங்காரத்தில் இறங்கிவிடாதே, முதலில் எடையைப் பார். 58 அங்குலக் கோல், நடுவில் இணைப்பு என்று வைத்துக்கொள். விட்டம் நுனியில் 13 மி.மீ., இணைப்பில் 21.5, அடியில் 32. இரு பாதியையும் நேராகச் சரியும் கூம்பாக வரைந்தால் முன்பாதி சுமார் 176 கன செ.மீ., பின்பாதி 419. மேப்பிள் மரத்துக்குக் கன செ.மீட்டருக்கு 0.7 கிராம் என்று கொடு. மொத்தம் சுமார் 416 கிராம்தான் வரும். ஆட்டக்காரர்கள் விரும்புவது பெரும்பாலும் 510 முதல் 595 வரை. பின்பாதியை மட்டும் கருங்காலியாக்கி 1.05 கொடுத்தால் 560-ஐத் தொடும். இணைப்புத் திருகும் அடி ரப்பரும் இனிமேல்தான் சேர வேண்டும். எடை எந்த இடத்தில் சமன்படுகிறது என்பதையும் மென்பொருளே காட்டிவிடும். இதற்கு இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் போதும்.

அடுத்தது கைப்பிடிக்கு மேலே கூராக ஏறும் 'பாயிண்ட்'கள். மரத்தில் V வடிவப் பள்ளம் சாய்வாக வெட்டி, வேறு நிற மரத்தை ஒட்டிக் கடைகிறோம். பள்ளத்தின் அடிக்கோடு மேற்பரப்பைத் தொடும் இடத்தில் கூர் முடிகிறது. 200 மி.மீ. நீளத்தில் பள்ளம் 8 மி.மீ. ஆழம் இறங்கினால் 1 மி.மீ. ஆழத்துக்கு 25 மி.மீ. நீளம். அப்படியானால் ஆழத்தில் 0.1 மி.மீ. பிசகினாலும் கூர் 2.5 மி.மீ. தள்ளிப்போகும். கடைசலில் மரம் 0.2 மி.மீ. மையம் விலகி உட்கார்ந்தால் ஒரு பக்கக் கூர் 5 மி.மீ. நீண்டு, எதிர்ப்பக்கக் கூர் 5 மி.மீ. குறுகும். பத்து மி.மீ. வித்தியாசம் யார் கண்ணுக்கும் படும்.

இன்னொன்று. அலங்காரத்துக்குப் பதிக்கும் வைர வடிவத்தின் மூலையைத் திரையில் ஊசிபோல வரையலாம், ஆனால் பள்ளம் வெட்டும் 0.8 மி.மீ. விட்டமுள்ள கட்டர் அந்த உள்மூலையில் 0.4 மி.மீ. வளைவை விட்டுத்தான் போகும். பதிக்கும் துண்டின் மூலையை அதே வளைவுக்கு வரைந்துவிடு, இல்லையென்றால் உளியால் கைவேலை பார்க்க வேண்டியிருக்கும். பசைக்கும் ஒரு மெல்லிய இடைவெளி விட மறக்காதே.

நியூயார்க்கில் ஜார்ஜ் பாலபுஷ்கா 1959 முதல் 1975-இல் இறக்கும்வரை செய்த கோல்களை இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். அவருக்குக் கணினி இல்லை. உனக்குக் கணினியால் கிடைக்கும் லாபம், விலை உயர்ந்த மரத்தைக் கெடுக்காமல் தப்பைத் திரையிலேயே செய்து பார்க்கலாம் என்பதுதான்.

ஆனால் திரைக்கு உங்கள் ஊர்க் கடற்காற்று தெரியாது. ஈரத்தை உறிஞ்சி மரம் குறுக்கே பருக்கும், கோணும். அதனால் ஒரே மூச்சில் கடைந்து முடிக்கக் கூடாது. கொஞ்சம் கடைந்து, தொங்கவிட்டு ஆறப்போட்டு, கோணலைப் பார்த்து மறுபடி கடைய வேண்டும். மாமல்லபுரத்துச் சிற்பி கொத்தக் கொத்த அழியும் கோட்டை மறுபடி போட்டுக்கொள்வதுபோல, ஒவ்வொரு கடைசலுக்குப் பிறகும் வெர்னியரில் அளந்து, அந்த அளவை வரைபடத்தில் திருத்திக்கொள். முதல் நாள் போட்ட படத்தையே கடைசிவரை நம்பினால் கூர்கள் ஒன்றாக முடியாது.

கருங்காலியை இப்போது தொடாதே. கடைசல் பட்டறையில் கழித்துப்போட்ட தேக்குத் துண்டில் நாலு பள்ளம் வெட்டிப் பார். கூர்கள் எங்கெங்கே முடிந்தன என்று அளந்து எழுது. அடுத்த கடிதத்தில் அதிலிருந்து பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்