மார்க்கும் மெய்யும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

“எத்தனை மார்க் வாங்கினாய்?” பள்ளி விட்டு வீடு சேரும் மாணவியை வரவேற்கும் முதற் கேள்வி இதுவே. “இன்று எதைக் கண்டாய்? என்ன கற்றாய்?” என்று கேட்போர் சிலரே. அறிவியல் வகுப்பில் நம்மிடம் எதிர்பார்க்கப்படுவது யாது, அதற்கு மதிப்பெண் எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புத் தங்கையர் அறிந்துகொள்வது நலம். நான் அதை ஏழாம் வகுப்பில் ஒரு தவறு செய்தே கற்றுக்கொண்டேன். அதை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

மதிப்பீட்டு முறை

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளின் அறிவைத் தொடர்ந்தும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்று கூறுகிறது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 2012–13ஆம் கல்வியாண்டில், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை தொடங்கப்பட்டது. ஒரு பருவத்திற்கு ஒரு பாடத்தில் 100 மதிப்பெண். பருவ இறுதியில் எழுதும் தேர்வுக்கு 60. இது தொகுத்தறி மதிப்பீடு. மீதி 40 வளரறி மதிப்பீடு. அதில் 20 செயல்பாடுகளுக்கும், 20 சிறு தேர்வுகளுக்கும் உரியவை. கூட்டுத்தொகை 91 முதல் 100 வரை இருந்தால் ‘ஏ1’, 81 முதல் 90 வரை ‘ஏ2’ என்று தொடங்கி, ‘இ2’ வரை ஒன்பது தரநிலைகள் வகுக்கப்பட்டன.

படித்ததை எழுதிக் காட்டத் தேர்வு இருக்கிறது. பின் செயல்பாட்டுக்குத் தனியே மதிப்பெண் எதற்கு? மாணவி தன் கையால் செய்து, தன் கண்ணால் பார்த்து அறிய வேண்டும் என்பதற்கே. இந்த எளிய உண்மை அன்று எனக்கு விளங்கவில்லை.

மூன்று கொட்டாங்கச்சிகள்

ஏழாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு செயல்பாடு தரப்பட்டது. மூன்று கொட்டாங்கச்சிகளில் மண் நிரப்பிப் பச்சைப்பயறு விதைக்க வேண்டும். ஒன்றை நீர் ஊற்றி வெயிலிலும், ஒன்றை நீர் ஊற்றி இருட்டிலும், ஒன்றை நீரின்றி வெயிலிலும் வைக்க வேண்டும். பத்து நாள் பார்த்து, அளந்து எழுத வேண்டும். மதிப்பெண் 10.

திருநாவலூரில் எங்கள் வீட்டு உள்ளறையில், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டாம் கொட்டாங்கச்சியை வைத்தேன். ஐந்தாம் நாள் எடுத்துப் பார்த்துத் திடுக்கிட்டேன். வெயிலில் இருந்த செடியைவிட இருட்டில் இருந்த செடியே உயரமாக வளர்ந்திருந்தது! ‘வெளிச்சம் இல்லாமல் செடி வளராது என்றல்லவா எழுத வேண்டும்? நான் ஏதோ பிழை செய்துவிட்டேன்’ என்று அஞ்சி அதைக் குப்பையில் கொட்டிவிட்டேன். பிறகு வண்ணப் பென்சிலால் அழகாகப் படம் வரைந்து, “இருட்டில் வைத்த செடி வளரவில்லை” என்று எழுதினேன். மீதி நாள்களின் அளவுகளையும் மனத்தில் தோன்றியபடி நிரப்பினேன்.

என் தோழியின் நோட்டிலோ அடித்தல் திருத்தல் மிகுதி. ஆனால், “இருட்டில் வைத்ததுதான் உயரம். மஞ்சளாக இருக்கிறது. தண்டு மெலிந்து சாய்கிறது. ஏன் என்று தெரியவில்லை” என்று கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தாள்.

நோட்டுகள் திரும்பி வந்தன. அவளுக்கு 8, எனக்கு 3! அழுகையை அடக்கிக்கொண்டு ஆசிரியையிடம் சென்றேன். அவர் கோபிக்கவில்லை. “நீ கண்டதை எழுதினாயா அம்மா, காண வேண்டும் என்று நினைத்ததை எழுதினாயா?” என்று மட்டும் கேட்டார். நான் தலை குனிந்தேன்.

அந்தப் பருவம் எனக்கு அறிவியலில் ‘ஏ1’ போய் ‘ஏ2’ வந்தது. காரணம் கேட்ட அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கையொப்பமிட்டுக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன்.

இருட்டில் நடந்தது என்ன?

விதையிலைகளில் சேமித்த உணவைக் கொண்டே இளஞ்செடி முதலில் வளர்கிறது. மண்ணுக்குள் இருப்பதைப்போல இருட்டிலும் அது வெளிச்சத்தைத் தேடித் தண்டை வேகமாக நீட்டுகிறது. ஒளியின்றிப் பச்சையம் உண்டாகாததால் மஞ்சளாக இருக்கிறது. சேமித்த உணவு தீர்ந்தால் மடிகிறது. ஊர்த் திருவிழாவுக்கு இருட்டறையில் வளர்க்கும் முளைப்பாரி, வெளிறிய மஞ்சள் நிறத்தில் நெடுநெடுவென்று நிற்பது இதனாலேயே. ஆண்டுதோறும் அதைப் பார்த்தும், தேர்வு நோட்டில் வேறாக எழுதினேனே!

பெரியோருக்கும் நேர்ந்த பிழை

இப்பிழை சிறுமியர்க்கு மட்டும் உரியதன்று. எலெக்ட்ரானின் மின்சுமையை எண்ணெய்த் துளிச் சோதனையால் அளந்தவர் ராபர்ட் மில்லிகன். 1923இல் நோபல் பரிசு பெற்றவர். காற்றின் பாகுநிலைக்கு அவர் கொண்ட அளவு சற்றுத் தவறியதால் அவர் விடை சிறிது குறைந்தது. பின்வந்தோர் சரியான விடையை உடனே அடையவில்லை. சிறிது சிறிதாகவே நெருங்கினர். மில்லிகனின் விடையைவிட மிகுதியாக வந்தால் தம்மிடம் பிழை தேடினர். அதை ஒட்டி வந்தால் அவ்வளவாகத் தேடவில்லை. 1974இல் ரிச்சர்டு ஃபைன்மன் என்னும் அறிஞர் மாணவர்களிடம் இதை எடுத்துக்கூறி, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாகாது என்று எச்சரித்தார்.

எண்ணும் குறிப்பும்

எண் மட்டும் போதுமா? 1988இல் ரூத் பட்லர் என்பார் இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வை வெளியிட்டார். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்புரை மட்டும், சிலருக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றோரே ஆர்வம் குன்றாமல் மேலும் முன்னேறினர். எண்ணும் சேர்ந்து வந்தபோது குறிப்புரை பயன் தரவில்லை. என் செய்தியும் அதுவே. அந்த ‘3’ எனக்கு மறந்திருக்கும். ஆசிரியையின் ஒரு கேள்வி மறக்கவில்லை.

அதன்பின் எங்கள் ஆசிரியை ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் முன்னரே கரும்பலகையில் எழுதிவிடுவார்: திட்டமிடுதலுக்கு 2, நாள்தோறும் குறித்தலுக்கு 3, கண்டதை அப்படியே எழுதுதலுக்கு 3, காரணம் ஆராய்தலுக்கு 2. எதிர்பார்ப்பு இன்னதென்று தெரிந்தபின் எங்களிடம் அச்சமும் குறைந்தது, நடிப்பும் குறைந்தது.

முடிவுரை

அன்புத் தங்கையரே! பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. செய்முறைக்குரிய பழக்கத்தை ஆறாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். தேதியிட்டு எழுதுங்கள். விடை மாறி வந்தால் அழிக்காதீர்கள், “ஏன்?” என்று பக்கத்தில் எழுதுங்கள். பெற்றோரே! கடையில் அச்சிட்ட படத்தை வாங்கித் தந்து உங்கள் மகளுக்கு முழு மதிப்பெண் தேடாதீர்கள். அவள் கொட்டாங்கச்சியை அவளோடு சேர்ந்து ஒருமுறை எட்டிப் பாருங்கள், அது போதும்.

என் பழைய நோட்டை இன்றும் வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு விடுமுறையில் மறுபடியும் மூன்று கொட்டாங்கச்சிகளில் பயறு விதைத்தேன். இம்முறை யாரும் மதிப்பெண் இடவில்லை. பத்து நாளும் கண்டதையே எழுதினேன்.