மூட்டு வலியும் இரவு உறக்கமும்

மூட்டு வலி உறக்கத்தைக் கெடுக்கும் என்பதை முதியோர் எவருக்கும் நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உறக்கம் கெட்டால் வலி மிகும் என்பதோ பலரும் எண்ணிப் பாராத செய்தியாகும்.

பெரட்டுக்கு எழுந்து, நிரை நிரையாக நடந்து, குனிந்து நிமிர்ந்து பால் வெட்டி, வாளி சுமந்த முழங்கால்கள் முதுமையில் நோவது வியப்பன்று. எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பு தேய்ந்துவிடுகிறது. தேய்ந்ததை உறக்கம் வளர்த்துத் தராது. ஆயினும், உறங்காத இரவுக்கு மறுநாள், வலியை அடக்கும் மூளையின் ஆற்றல் குன்றுகிறது. மூட்டு நேற்றிருந்தபடியே இருக்க, வலி மட்டும் கூடுகிறது.

தோட்டத்தை விட்டுச் சிங்கப்பூரில் பிள்ளைகளுடன் வாழும் பெரியவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். விடியலில் எழ வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பிற்பகலில் நெடுநேரத் தூக்கம். மாலையில் தேக்காவில் நண்பர்களுடன் இரண்டு குவளை தேநீர். இரவிலோ கண் மூடுவதில்லை. காலையில் முழங்கால் நோகிறது என்று வலி மாத்திரையை நாடுகிறார். தேநீரையும் பகல் தூக்கத்தையும் அவர் ஐயுறுவதே இல்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மூட்டுத் தேய்வும் உறக்கமின்மையும் கொண்ட, 60 வயதைக் கடந்த 327 பேரிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியாயிற்று. ஒரு பாதியினருக்கு உறங்கும் பழக்கங்களைத் தொலைபேசி வழியாக, எட்டு வாரங்களில் ஆறு முறை கற்பித்தனர். அவர்களது உறக்கம் சீரடைந்து ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்தது, சோர்வும் குறைந்தது. வலி தொடக்கத்தில் சிறிது தணிந்தது; அத்தணிவு ஓராண்டு நீடிக்கவில்லை. நன்றாக உறங்கினால் மூட்டு நோயே தீரும் என்பாரை நாம் நம்ப வேண்டியதில்லை. எனினும் சோர்வின்றி நடமாடுவது முதியவருக்குச் சிறு பேறன்று.

கற்பித்தவை எளியனவே. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். உறக்கம் வந்த பின்னரே படுக்க வேண்டும். இருபது நிமிடம் போல விழித்துக் கிடந்தால் எழுந்து அமர்ந்து, கண் சொருகும்போது மீண்டும் படுக்கலாம். பிற்பகலுக்குப் பின் தேநீர், காப்பி வேண்டா. தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கி உண்பது முதியோருக்கு ஆபத்தானது. இரவில் எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிய நேரலாம்.

மூட்டு வீங்கிச் சூடேறினாலும், காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும், அது வேறு வகை வாதமாக இருக்கலாம். தோட்டத்தில் உள்ளோர் அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்திலும், சிங்கப்பூரில் உள்ளோர் பலதுறை மருந்தகத்திலும் காலந் தாழ்த்தாது காட்டிக்கொள்க.