ரீப்ளேஸ்: போகப் போவது எந்த ஃபைல்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், ஒரு வாரம் உட்கார்ந்து திருத்திய கட்டுரை ஒன்று என்னிடம் இருந்தது. அதே பெயரில், திருத்தாத பழைய ஃபைல் பென் டிரைவில் இருந்தது. புதியதைப் பென் டிரைவுக்கு அனுப்ப நினைத்து, அவசரத்தில் பழையதைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துவிட்டேன். உடனே விண்டோஸ், ‘ரீப்ளேஸ் தி ஃபைல் இன் தி டெஸ்டினேஷன்’ என்று ஒரு வழியைக் காட்டியது. ‘ஃபைலைப் போய்ச் சேரும் இடத்தில் வை’ என்று நானாக அர்த்தம் செய்துகொண்டு கிளிக் செய்தேன். கட்டுரை போயிற்று. இப்படி மாற்றப்படும் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்கும் போவதில்லை.

நான் செய்தது இலக்கணத் தவறு. தமிழில் செயப்படுபொருளை ‘ஐ’ உருபு காட்டிவிடும். ‘பூனை எலியைக் கொன்றது’, ‘எலியைப் பூனை கொன்றது’ இரண்டும் ஒன்றே. ஆங்கிலத்தில் உருபு இல்லை, இடம்தான் கணக்கு. ‘தி கேட் கில்டு தி ரேட்’ என்பதில் பெயர்களை இடம் மாற்றினால் எலி பூனையைக் கொன்றுவிடும்! வினைக்குப் பின் வருவதே ஆப்ஜெக்ட்.

கம்ப்யூட்டர் கட்டளைகளில் ‘நீ’ என்ற எழுவாய் மறைந்திருக்கும். வினை முதலில் வரும். அதைப் பார்த்து ‘எதை?’ என்று கேளுங்கள்.

1. ஓபன் தி ஃபைல்: எதைத் திற? ஃபைலை.

2. ரீப்ளேஸ் தி ஃபைல் இன் தி டெஸ்டினேஷன்: எதை எடுத்துவிட்டு வேறு வை? போய்ச் சேரும் இடத்தில் ஏற்கெனவே உள்ள ஃபைலை. ரீப்ளேஸுக்கு ஆப்ஜெக்டாக வருவதுதான் அழியும்.

3. ரீப்ளேஸ் ஏ வித் பி: போவது ஏ, ‘வித்’ என்பதற்குப் பின் உள்ள பி வந்து அமரும்.

4. சென்ட் ஹிம் தி ஃபைல்: இங்கே ஆப்ஜெக்ட் இரண்டு. ‘யாருக்கு?’ அவருக்கு. ‘எதை?’ ஃபைலை.

வேர்டில் ஒரு சோதனை ஃபைலைத் திறந்து, கன்ட்ரோல் கீயுடன் ஹெச் கீயை அழுத்துங்கள். ‘ஃபைண்ட் வாட்’ கட்டத்தில் போக வேண்டிய சொல்லையும், ‘ரீப்ளேஸ் வித்’ கட்டத்தில் வர வேண்டிய சொல்லையும் டைப் செய்து பாருங்கள். பாடம் மனதில் பதிந்துவிடும்.

ஃபைல் காப்பி செய்யும்போது சந்தேகம் வந்தால், ‘கம்பேர் இன்ஃபோ ஃபார் போத் ஃபைல்ஸ்’ என்பதைக் கிளிக் செய்து, இரண்டு ஃபைல்களிலும் டிக் அடியுங்கள். காப்பியாகும் ஃபைலின் பெயருடன் ஓர் எண் சேர்ந்து, இரண்டும் தங்கும்.